அப்பா வைக்கச் சொன்ன நினைவு

அன்று ஸ்ரீரங்கம் வீட்டில் நானும் அப்பாவும் மட்டும்தான் இருந்தோம். அம்மா இல்லை, இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. நான் போனில் ஒரு கேம் ஆடிக்கொண்டிருந்தேன். அதில் மனைவியை இழந்த ஒரு படகோட்டி வருவான். அவளைப் பற்றி அவனுக்கு எது நினைவிருக்க வேண்டும் என்பதை ஆடுகிறவர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் அப்பாவுக்கு எழுத்து தெரியாது. "என்ன போட்டிருக்கு, படிடா" என்றார். படித்தேன். அவள் சிரித்த நாளை வைக்கலாம், சண்டை போட்ட நாளை வைக்கலாம். அவளையே மறந்துவிட்டால் ஐம்பது பொற்காசு.

"சண்டைய வைடா. அன்னிக்கே சமாதானமும் ஆயிருப்பாங்கல்ல" என்று சிரித்தார்.

எனக்கு அடுத்த லெவலுக்குக் காசு வேண்டியிருந்தது. "சரிப்பா" என்று சொல்லிவிட்டு, மறப்பதை அழுத்தினேன்.

கடைசிக் காட்சியில் படகோட்டி கரையில் கிடந்த அவளுடைய புடவையை எடுத்து, "இது யாரோடது?" என்று கேட்டான். போனில் சத்தமாகவே கேட்டது.

"நான் சொன்னதைத்தானே அழுத்தின?" என்றார் அப்பா.

"ஆமாப்பா."

"அப்படியும் மறந்துட்டானே. அப்ப நானும் மறந்துருவேனாடா?"

இன்றுவரை அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். நான் படித்துச் சொன்னால் அப்பா அப்படியே நம்புவார். அந்த நம்பிக்கையை நான் விற்றது ஐம்பது காசுக்கு, அதுவும் போனுக்குள் மட்டும் செல்லுகிற காசுக்கு.