ஆமீன் சொன்ன ஒப்பந்தம்

எண்பதுகளில் எங்கள் ஊர் உதைபந்துக் கழகத்தில் சேருபவர்கள், சீசன் முடியும்வரை வேறு கழகத்துக்குப் போவதில்லை என்று, குர்ஆனின் முதல் அத்தியாயமான பாத்திஹாவை ஓதி ஒப்புக்கொள்வார்கள்; கழகத்தாரும் கூடவே கையேந்தி ஆமீன் சொல்வார்கள். என் தம்பியும் ஓதினான். பாதி சீசனில் கொழும்புக் கம்பனியொன்று, தங்கள் அணிக்கு விளையாடினால் வேலையும் தருவதாக அவனைக் கூப்பிட்டது. அவனை விடச் சொல்லிக் கழகத் தலைவரிடம் நானே போனேன்.

“அல்லாஹ்ட பேரால குடுத்த வாக்கு. முறிக்க ஏலுமா?” என்றார்.

தம்பியும் அண்ணனான என்னிடம், “ஓம் காக்கா, ஓதிட்டனே” என்று நின்றுவிட்டான். கம்பனி வேறொருவனை எடுத்துக்கொண்டது.

அடுத்த மாதமே விளையாட்டில் அவன் முழங்கால் பிசகியது. கழகம் அக்கரைப்பற்றிலிருந்து ஒருவனைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, இவனை நீக்கியது. தலைவரைப் பள்ளிவாசல் முன்னால் மறித்தேன்.

“ஹாஜியார், சீசன் இன்னும் முடியல்லியே. அந்த வாக்கு உங்களுக்கு இல்லியா?”

“நொண்டிய வெச்சி கோல் அடிக்க ஏலுமா? சும்மா சத்தம் போடாதீங்க” என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

தம்பி ஓதிய அன்று கையேந்தி எல்லோரையும்விடச் சத்தமாக ஆமீன் சொன்னவர் அவர்தான். என் தம்பி வேலையை இழந்ததைக்கூட நசீப், தலைவிதி என்று விட்டுவிடுவேன். அவனை மட்டும் கட்டிப்போட அல்லாஹ்வின் பெயரை எடுத்தார்களே, அதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.