தேன்கூட்டில் கடைமடை

என் ஸ்கூட்டருக்கு மேலே ஒரு தேன்கூடு கிடக்கிறது. ஃபிளெக்ஸில் அச்சடித்த, அறுகோண அறைகள் நிறைந்த வரைபடம். மழைக்கு வண்டியை மூடி வைத்திருக்கிறேன். வரைந்தவன் நான்தான். தேனீயைப் பற்றி மூன்று புத்தகம் படித்துவிட்டு, காரைக்காலில் எங்கள் வணிகர் சங்கம் போன வருஷம் நடத்திய பொருட்காட்சியை அப்படியே தேன்கூடாக அமைத்தேன். உயிருள்ள தேனீயோடு எனக்கிருந்த ஒரே பழக்கம், பள்ளி நாளில் ஒன்று காதில் கொட்டியதுதான். அது அப்போதே எதையோ சொல்ல முயன்றிருக்க வேண்டும்.

அறைக்கு ஆறு கடை, அறைக்கும் அறைக்கும் நடுவே ஒரு சந்து. பார்வையாளர்கள் தேனீக்களைப் போலக் கடைக்குக் கடை தாவுவார்கள் என்று சங்கச் செயலாளராகக் கூட்டத்தில் முழங்கியிருந்தேன். முதல் நாள் வந்தவர்கள் வாசலோரத்து இரண்டு அறைகளைச் சுற்றினார்கள், வழி புரியாமல் திரும்பத் திரும்ப அதே குக்கர் கடைக்கு முன்னால் வந்து நின்றார்கள், வந்த வழியே போய்விட்டார்கள். பின்பக்கத்துப் பன்னிரண்டு கடைகளுக்கு ஈ, எறும்புகூடப் போகவில்லை. நடவு இயந்திரம் விற்க வந்தவர் அதன் அருமைகளைப் பக்கத்துக் கடைக் கருவாட்டு ஊறுகாய் அம்மாளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். சாயங்காலம் பன்னிரண்டு பேரும் சேர்ந்து வந்தார்கள். நாளை மத்தியானம் வரை பார்ப்பார்களாம், அப்புறம் கடையைக் கட்டுவார்களாம். அவர்கள் போனால் பொருட்காட்சியே போச்சு. அடுத்த வருஷம் என்ற பேச்சே கிடையாது.

பந்தல் போட்ட அம்மா பக்கத்தில் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். நெரவியில் நிலம் வைத்திருப்பவர், எங்களுக்கெல்லாம் பந்தல்காரம்மா. "தலைமடைக்காரனே தண்ணிய நிறுத்திக்கிட்டா கடைமடை காயத்தான் செய்யும் சார்," என்றார். "தண்ணி கம்மியா வந்தா எங்க வாய்க்கால்ல மொறை வச்சிருக்கோம். மேல உள்ள மடையெல்லாம் அடைச்சுட்டு, கடைசி வயலுக்குத்தான் மொதல்ல விடுவோம். வாசலத் தூக்கிப் பின்னாடி வைங்க."

மறுநாள் காலை அவருடைய ஆட்கள் என் தேன்கூட்டைப் பிரித்தார்கள். பின்பக்கம் நுழைவு, அங்கிருந்து முன்பக்கம் வரை வாய்க்கால் போல வளைந்து வரும் ஒரே அகலமான பாதை, இருபுறமும் கடைகள். "வளையுற எடத்துலதான் வண்டல் தங்கும். டீக்கடைய அங்க போடுங்க," என்றார். குக்கர் கடைக்காரர் சண்டைக்கு வந்தார்: "முன்னாடி எடம்னுதானே வந்தேன்? இப்ப நான் கடைசியா?" பந்தல்காரம்மா முடிச்சிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எல்லாத் தண்ணியும் உங்க வழியாத்தாங்க வடியணும். வேற வடிகால் கெடையாது."

பதினொரு மணிக்குக் கூட்டம் பாய்ந்தது. போலகத்து விவசாயிகள் டீயும் கையுமாக நடவு இயந்திரத்தைச் சூழ்ந்து, சேற்றில் இறங்குமா இறங்காதா என்று விற்பவரோடு மல்லுக்கு நின்றார்கள். அவ்வளவு சந்தோஷமாகச் சண்டை போடும் மனிதரை நான் பார்த்ததில்லை. ஊறுகாய் அம்மாளின் சரக்கு தீர்ந்து, திருமலைராயன்பட்டினத்திலிருந்து மகள் இன்னொரு கூடை கொண்டுவந்தாள். மத்தியானம் வந்தது, போனது. யாரும் கடை கட்டவில்லை. சாயங்காலம் குக்கர்காரர் என்னைத் தனியே அழைத்து, அடுத்த வருஷமும் கடைசி இடமே தனக்கு வேண்டும் என்றார். நிறைவு விழாவில் பந்தல்காரம்மாவை மேடைக்கு அழைத்தேன். கைதட்டல் அடங்கவே இல்லை.

போன வாரம் இந்த வருஷப் பந்தலுக்கு அளவு பேச வீட்டுக்கு வந்தார். மழை விட்டிருந்தது. மைதானத்துக்குப் போக ஃபிளெக்ஸை விலக்கி ஸ்கூட்டரை வெளியே எடுத்தேன். அவர் தேன்கூட்டையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பரவால்லையே சார். இதுக்குள்ள போனதுல வண்டியாவது வெளிய வந்துருச்சே."