காயாத கதவு

இன்று அம்மாவுடன் லொங்குய்ய் என்ற ஊர்ப்பக்கம் போயிருந்தேன். அங்கே பழைய ரயில் பெட்டிகளைத் தொண்டர்கள் சம்பளம் இல்லாமல் திருத்துகிறார்கள்.

ஒரு பெட்டியின் மரக்கதவில் 'தொடவேண்டாம், வார்னிஷ் காயவில்லை' என்று பிரெஞ்சில் எழுதியிருந்தது. அம்மாவுக்கு அதை வாசித்துச் சொன்னதே நான்தான்.

பிறகு, உள்ளே எட்டிப் பார்க்க அதே கதவில் கையை ஊன்றினேன். ஐந்து விரலும் பதிந்துவிட்டன.

வார்னிஷ் அடித்த கிழவர் வந்து பார்த்தார். முகம் வாடிவிட்டது. "யார் தொட்டது?" என்று மெதுவாகக் கேட்டார்.

நான் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

அம்மா முன்னால் வந்தார். "பார்தோன், மிஸ்யூ. முவா." மன்னியுங்கள் ஐயா, நான்தான் என்று.

எண்பதுகளில் அகதியாக வந்து இறங்கிய நாளிலிருந்து, வீட்டுக்காரரிடம், மெத்ரோ ரயிலில், எங்கேயும் முந்திக்கொண்டு சொல்லும் அதே 'பார்தோன்'.

கிழவர் அம்மாவின் சுத்தமான கைகளைப் பார்த்தார். பிறகு, வார்னிஷைத் துடைக்க டர்பன்டைனில் நனைத்த துணியை என்னிடம் நீட்டினார்.

காரில் கேட்டேன்: "ஏனம்மா அப்பிடிச் சொன்னீங்கள்?"

"அவர் ஏசினாலும் எனக்கு விளங்காதுதானே, பிள்ளை. உனக்கு எல்லாம் விளங்கும்."

கை இன்னும் மணக்கிறது.

சனிக்கிழமை போய் உண்மையைச் சொல்லி, அந்தக் கதவைத் திரும்பத் தேய்த்துக் கொடுக்கப் போறன். துணைக்கு ஆராவது வாறியளோ? அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகமாட்டேன். எனக்கு முதலே மன்னிப்புக் கேட்டுவிடுவார்.