விசர்த் தோட்டம்

ஊமத்தம்பூ விரிவதை இருந்து பார்த்தவர்கள் எங்கள் ஊரில் அதிகம் பேர் இல்லை. பொழுது படுகிற நேரம், மடித்த குடை மாதிரிச் சுருண்டிருக்கும் மொட்டு மெல்ல ஒரு தடவை நடுங்கும். பிறகு வெகுநேரம் ஒன்றும் நடக்காது. பொறுமையில்லாதவர்கள் அந்த இடத்தில்தான் எழும்பிப் போவார்கள். இருந்தவர்களுக்கு மட்டும் ஒரு ஓரம் கழன்று, அடுத்த ஓரம் கழன்று, கண்ணுக்கு முன்னாலேயே பூ திறக்கும். அந்த வாசம் அதற்குப் பிறகுதான் வரும். நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவள். மொட்டு ஏன் திறக்கிறது, அந்தி ஏன் அதற்குத் தோதான நேரம் என்றெல்லாம் எனக்கு விளக்கம் தெரியும். தெரிந்தும் என்ன, ஒவ்வொரு தடவையும் மூச்சு நின்றுதான் போனது.

என்னைப் போல இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் எங்கள் ஊர்ப் பரியாரியார், நாட்டு வைத்தியம் செய்கிறவர். மற்றவர் என் அக்காவின் கணவர், அத்தான். மனிதரின் புத்தியைப் பிடித்து ஆட்டுகிற செடிகள் மேல் மூன்று பேருக்கும் தீராத ஆசை. தின்பதற்கு அல்ல. பார்க்கலாம், மணக்கலாம், வளர்க்கலாம், அவற்றைப் பற்றி விடியவிடியச் சண்டை பிடிக்கலாம், வாயில் மட்டும் வைக்கக் கூடாது என்பது எங்களுக்குள் சட்டம். ஊமத்தை தின்றவர்களை ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறோம். இல்லாத ஆட்களோடு கதைத்துக்கொண்டு, காற்றில் எதையோ பொறுக்கிக்கொண்டு கிடப்பார்கள். பிழைத்து எழும்பினால் ஒன்றும் நினைவிருக்காது. சிலர் எழும்பவில்லை. ஒரு செடிக்குள் இவ்வளவு பலம் எப்படி வந்தது என்ற பிரமிப்புத்தான் எங்களைப் பிடித்திருந்தது.

தேற்றாத்தீவில் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் நிலம் ஒடுங்கியது. பெரிய தெருவுக்கு வாவிப் பக்கம் என் வீடு, கடல் பக்கம் அக்காவின் வீடு. அக்காவின் வளவு பெரியது என்பதால் செடிகளை அங்கேதான் வைத்தோம். கரு ஊமத்தை, வெள்ளை ஊமத்தை, சீமெந்துத் தொட்டியில் நீல ஆம்பல், வேலியில் பூனைக்காலிக் கொடி, தென்னையோடு வெற்றிலை. பூனைக்காலியின் சுணை பட்டு அக்கா ஒரு கிழமை உடம்பைச் சொறிந்துகொண்டு எங்கள் மூவரையும் ஏசித் தீர்த்தாள். பைத்தியக்காரத் தோட்டம் என்ற கருத்தில் அவள்தான் அதற்கு விசர்த் தோட்டம் என்று பெயர் வைத்தாள். ஆனால் தண்ணீர் ஊற்றியதும் அவள்தான். அறுவடைக்கு வாவியைக் கடந்து வெல்லாவெளிக்கு, எங்கள் வயல் வட்டைக்குப் போகிற நாட்களில், என் வீட்டுப் படலையில் நின்று கேட்பாள்.

"நான் வயலுக்குப் போறன் புள்ள. உன்ட விசர்த் தோட்டத்துக்கு ஆர் தண்ணி ஊத்துற?"

"நான் ஊத்துறன், நீ போ" என்பேன். பாதி நாள் ஊற்றமாட்டேன். அவள் வந்து பார்த்துவிட்டு மறுபடி ஏசுவாள்.

எங்கள் சண்டைகளுக்குக் கணக்கில்லை. கரு ஊமத்தையும் வெள்ளை ஊமத்தையும் ஒரே சாதி, நிறம்தான் வேறு என்பேன் நான். பரியாரியார் அதைக் கேட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். வெற்றிலை பாக்கும் புத்தியைப் பிடிக்கிற பண்டம்தானே, அதை ஏன் உங்கள் கூட்டத்தில் சேர்க்கவில்லை என்று அக்கா வாய் சிவக்கச் சிவக்கக் கேட்பாள். கஞ்சா என்ற சொல்லை எடுப்பதற்கு முன் பரியாரியார் வேலிக்கு அப்பால் ஒரு தடவை எட்டிப் பார்ப்பார். அது யுத்த காலம், யார் எங்கே நிற்கிறார்கள் என்று சொல்ல முடியாது. ஒருமுறை விதைக்காக முற்றிய ஊமத்தங்காய்களைப் பையில் கொண்டுபோனபோது சென்றியில் நின்ற ஆமிக்காரப் பொடியன் பையைத் திறந்தான். உருண்டையாக, முள்ளு முள்ளாக இருந்ததைக் கண்டதும் இரண்டு எட்டுப் பின்னால் போய்த் துவக்கை நீட்டினான். கைகளைத் தலையில் வைத்துக்கொண்டு, அது காய், வெறும் காய் என்று எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் விளக்க வேண்டியிருந்தது.

எல்லாவற்றிலும் பெரிய சண்டை தூபத்தைப் பற்றியது. அத்தான் கண்ணகி அம்மன் கோயிலில் தெய்வமாடுகிறவர். வைகாசிச் சடங்கில், பறையும் உடுக்கும் உச்சத்துக்கு ஏற, கையில் கமுகம்பாளையோடு உருவேறி ஆடுவார். கடைசி நாள், அம்மனைக் குளிர்விக்கிற குளிர்த்தியின்போது சனத்துக்குக் கட்டுச் சொல்வார். தெய்வம் அவர் வாயால் சொல்கிற சொல் அது. மற்ற நாட்களில் பகடி விட்டுக்கொண்டு திரிகிற மனிதர் அந்த நேரம் வேறு ஆளாக இருப்பார். பரியாரியாரும் நானும் ஒரே கட்சியில் நின்றது இந்த ஒரு விஷயத்தில்தான். தூபச் சட்டியில் யாரோ எதையோ போடுகிறார்கள், மயக்கம் புகையில் வருகிறது என்று அடித்துச் சொன்னோம். அத்தானுக்குக் கோபம் வராது. சாம்பிராணியும் குங்கிலியமும் தவிர அதில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் ஆத்திரம் மூட்டும்.

சுனாமி வந்த காலை அத்தான் வெல்லாவெளியில், பயிருக்கு உரம் போட்டுக்கொண்டு நின்றார். நான் வாவிப் பக்கத்து வீட்டில் இருந்தேன். தண்ணீர் பெரிய தெருவைத் தாண்டி என் முற்றத்தில் முழங்காலளவுக்கு வந்து நின்றது. அக்காவின் வீட்டில் அத்திவாரமும் கிணற்றுக் கட்டும் மிஞ்சின. அக்காவை மூன்றாம் நாள் எடுத்தோம். அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

அந்த மண்ணில் பிறகு ஒன்றும் முளைக்கவில்லை. கிணறு உப்பு. வேலி இல்லை, ஆம்பல் தொட்டி எங்கே போனதென்றே தெரியாது. தென்னைகள் நின்ற நிலையிலேயே காய்ந்தன. அடுத்த மாரி மழை பெய்து ஓய்ந்த பிறகு ஒருநாள் போய்ப் பார்த்தேன். அக்கா சமைத்த குசினி இருந்த இடத்தில் ஊமத்தை. ஒன்றல்ல, ஒரு கூட்டம். கடல் வந்து புரட்டிப் போட்ட மண்ணுக்குள் அந்த விதைகள் காத்துக் கிடந்திருக்கின்றன. எனக்கு முதலில் வந்தது ஆத்திரம். இவ்வளவும் போன இடத்தில் உனக்கு மட்டும் என்ன உயிர் என்று ஒன்றைப் பிடுங்கக் குனிந்தேன். நுனியில் ஒரு மொட்டு நடுங்கியது. பிடுங்காமல் அதற்குப் பக்கத்தில் இருந்துவிட்டேன். பூ விரிந்தது. நான் அழுததை யாரும் பார்க்கவில்லை.

அத்தான் அப்போது நிவாரணக் கொட்டிலில் இருந்தார். தெய்வமாடுவதை விட்டுவிட்டார். அம்மன் பெயரைக் கேட்டாலே எழும்பிப் போய்விடுவார். பகலில் யாரோடும் பேசமாட்டார். பொழுது படும் நேரம் மட்டும் அந்த வளவுக்கு வந்து கிணற்றுக் கட்டில் குந்துவார். ஊமத்தை முளைத்த சில மாதத்தில் எனக்குக் கதை வந்தது. அத்தான் அங்கே அக்காவோடு கதைக்கிறார் என்று.

நம்பாமல் போனேன். வேலி இருந்த இடத்தில் நின்று கேட்டேன். கதைத்துக்கொண்டுதான் இருந்தார். நெல் விலை சொன்னார், எதற்கோ சிரித்தார், நடுவில் நிறுத்திப் பதிலுக்குக் காத்திருந்தார். காலடியில் அவ்வளவு ஊமத்தை. தின்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது.

மற்ற எந்த மனிதராக இருந்தாலும், துக்கத்தில் புலம்புகிறார் என்று நினைத்துத் தோளைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போயிருப்பார்கள். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. பரியாரியாரும் நானும் அடுத்த நாளே சண்டையைத் தொடங்கினோம். இலை என்றார் அவர், விதை என்றேன் நான். மனிதர் சாகப் போகிறார் என்ற பயம் இருவருக்கும் உண்மையாகவே இருந்தது. அந்தப் பயத்தையும் எங்களுக்குத் தெரிந்த வழியில்தான் காட்டினோம். விதைக்கு வைக்கிற காய்களுக்கு நான் எப்போதும் நூல் கட்டுவேன். அதே மாதிரி அங்கிருந்த ஒவ்வொரு காயின் காம்பிலும் சிவப்பு நூல் கட்டினோம். ஒரு காய் குறைந்தாலும் பிடித்துவிடலாம். பரியாரியார் கிளை கிளையாக இலைகளைப் பார்த்து வைத்துக்கொண்டார்.

செடிகளை ஒரேயடியாகப் பிடுங்கி எரித்திருக்கலாம். அது ஏன் எங்கள் புத்தியில் படவில்லை என்று இப்போது யோசித்தால் எனக்கு விடை தெரிகிறது. அக்காவைக் காட்டுகிற செடி ஒன்று இருந்தால், அது எது என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. எங்கள் சட்டத்தை மீறவும் நான் தயாராக இருந்தேன்.

நூல் ஒன்றும் அவிழவில்லை. காய்கள் காம்பிலேயே முற்றி வெடித்தன. இலையில் கை பட்ட அடையாளம் இல்லை. அத்தான் கதைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் பொறுக்கமுடியாமல் ஒரு மாலை டோர்ச் லைட்டோடு அவருக்கு முன்னால் போய் நின்று, கண்ணைக் காட்டச் சொன்னேன். ஊமத்தை தின்றவரின் கண்மணி விரிந்து கிடக்கும், வெளிச்சத்துக்குச் சுருங்காது. அத்தான் முகத்தைத் தூக்கிக் காட்டினார். வெளிச்சம் பட்டதும் கண்மணி சுருங்கியது. நாக்கைக் காட்டச் சொன்னேன். ஈரமாக இருந்தது. நேற்று என்ன கதைத்தீர்கள் என்று கேட்டேன். ஒன்று விடாமல் சொன்னார்.

"நான் ஒண்டும் தின்னல்ல புள்ள" என்றார். "நீ நூல் கட்டினதும் தெரியும். அவ உன்னப் பார்த்துச் சிரிச்சவ."

நான் அந்த மணலிலேயே குந்திவிட்டேன். எத்தனை வருடம் செடி செடியாகத் தேடியிருப்போம். புத்தியை ஆட்டுகிற பலம் பூவில், விதையில், பாலில், புகையில் இருக்கிறதென்று எவ்வளவு வாதாடியிருப்போம். இந்த மனிதருக்கு ஒன்றும் தேவைப்படவில்லை. அன்று எனக்கு வந்த பிரமிப்பு எந்தப் பூவிலும் வந்ததில்லை. கூடவே பொறாமையும் வந்தது. எனக்கும் அவள் அக்காதானே. நானும் பல மாலைகள் அந்தக் கிணற்றுக் கட்டில் குந்திப் பார்த்தேன். எனக்குக் கடல் இரைச்சல் மட்டும் கேட்டது.

அப்படியே வருடங்கள் போயின. எங்கள் பக்கத்து யுத்தம் முதலில் ஓய்ந்தது. பிறகு வன்னியில் எல்லாம் முடிந்தது என்று வானொலி சொன்னது. அங்கே போனவர்கள் திரும்பி வருவார்களா என்று பாதி வீடுகள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தன. சிரிக்கவும் அழவும் தெரியாமல் ஊர் இருந்த அந்த வைகாசியில்தான் சடங்கும் வந்தது. சடங்குக்காகக் கோயில் கதவு திறப்பதற்கு முன் ஒருநாள் அத்தான் என் படலையில் வந்து நின்றார். ஆளே உருகிப் போய் எலும்பாக இருந்தார். இந்த முறை நான் ஆடப் போறன், அவ ஆடச் சொல்றா என்றார். நான் பதில் பேசுவதற்குள் அடுத்ததையும் சொன்னார்.

"தூபத்த நீயே இடி. மறுகா உனக்குச் சந்தேகம் வரப்படா."

கட்டாடியாரிடம், அதுதான் பூசை செய்கிறவரிடம், அவரே கேட்டு அனுமதி வாங்கிவிட்டார். என் வீட்டு உரலில், என் கையால் இடித்தேன். சாம்பிராணியும் குங்கிலியமும் கடையில் நானே தெரிந்தெடுத்து வாங்கியவை. பரியாரியார் வந்து ஒவ்வொரு கட்டியையும் மணந்து, நுனி நாக்கில் வைத்துப் பார்த்துத் தலையாட்டினார். இடித்த தூளை டப்பாவில் அடைத்து என் மடியிலேயே கொண்டுபோனேன். தூபச் சட்டியில் போடும்வரை யாரும் தொடவில்லை. அதில் ஒன்றும் இல்லை என்று உலகத்தில் நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஆள் நான்.

குளிர்த்தி விடியப்புறம் நடந்தது. பறை ஏறியது. என் கையால் இடித்த புகை அத்தானின் முகத்தில் பட்டது. அவர் முதுகில் ஒரு நடுக்கம் ஓடியதைக் கண்டேன். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. எழும்பிப் போகாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திடீரென்று பாளையை வாங்கி முகத்தில் அடித்துக்கொண்டு ஆடத் தொடங்கினார். அந்த எலும்பும் தோலுமான உடம்பு அப்படி ஆடும் என்று யாரும் நினைத்திருக்கமாட்டார்கள். வன்னிக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு நின்ற தாய்மார் வாய்விட்டு அழுதார்கள். எனக்குப் பக்கத்தில் நின்ற பரியாரியார் என் காதருகே குனிந்தார்.

"கமுகம்பாளை, ரீச்சர். பாக்கு மரத்துப் பூவெல்லோ. அதத்தான் நாம கவனிக்கல்ல."

பூ வேறு, பாக்கு வேறு என்று திருப்பிச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அத்தான் பெண்கள் பக்கம் வந்துவிட்டார். எனக்கு முன்னால் நின்றார். பாளையோடு சேர்த்துப் பிடித்திருந்த வேப்பிலை என் தலையில் பட்டது. கண்கள் என்னைப் பார்த்தன, ஆனால் பார்த்தது அத்தான் இல்லை. ஒவ்வொருவருக்கும் பிள்ளையைப் பற்றி, வருத்தத்தைப் பற்றிக் கட்டுச் சொன்ன வாய் என்னிடம் கேட்டது.

"விசர்த் தோட்டத்துக்கு ஆர் தண்ணி ஊத்துற?"

அந்தச் சொல் அத்தானுக்குத் தெரியும்தான். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஒரு விஞ்ஞான ஆசிரியையாக நான் அதை அந்த நிமிடமே யோசித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். யோசித்துக்கொண்டிருக்கும்போதே என் வாய் பதில் சொல்லிவிட்டது.

"நான் ஊத்துறன், நீ போ."

அத்தான் நின்ற நிலையில் சரிந்தார். பக்கத்தில் நின்றவர்கள் தாங்கிப் பிடித்துத் தண்ணீர் தெளித்தார்கள். எழுந்ததும் தன்னைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பசிக்குது என்றார். அக்கா போன இத்தனை வருடத்தில் அவர் வாயில் அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை.

அன்று பொழுது படும் நேரம் வாளியோடு அந்த வளவுக்குப் போனேன். அத்தான் எனக்கு முன்னமே வந்து கிணற்றுக் கட்டில் இருந்தார். யாரோடும் கதைக்கவில்லை. எழும்பி என் கையிலிருந்த வாளியை வாங்கினார். அவர் அள்ளித் தந்தார், நான் ஊற்றினேன். கையில் ஒட்டியிருந்த ஈரத்தை நாக்கில் வைத்துப் பார்த்தேன். கிணற்றில் உப்பு விட்டுப் போயிருந்தது.