கேஸ் வந்தது, விதை போனது

நான்கு வருஷம் இருக்கும். ஒரு மாசி மாதம், திருப்பத்தூரில் ஒரு டாக்டரின் அறையில் இது ஆரம்பித்தது. எங்கள் ஊர் ஜவ்வாது மலையில் புதூர்நாட்டைத் தாண்டி இருக்கிறது. ஜீப் நிற்கும் இடத்திலிருந்து இன்னும் ஒன்றரை கிலோமீட்டர் நடக்க வேண்டும். என் மனைவிக்கு ரொம்ப நாளாகவே இளைப்பு. அந்த வருஷக் குளிரில் அது முற்றிப்போய், படுத்தால் மூச்சு வாங்குகிறது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்க ஆரம்பித்தாள். அதைப் பார்த்து பயந்துபோய்தான் கீழே கூட்டிப் போனேன்.

டாக்டர் முதலில் கேட்டதே, "வீட்டில் என்ன அடுப்பு?" என்றுதான். விறகு என்றேன். புகையை நிறுத்தாவிட்டால் மருந்து கொடுத்துப் பிரயோஜனம் இல்லை, போகப் போக மூச்சு இன்னும் கெட்டுவிடும் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கேஸ் அடுப்பு எங்கள் வீட்டில் ஏற்கெனவே இருந்தது. அரசாங்கம் இலவசமாகக் கொடுத்தது. முதல் சிலிண்டர் தீர்ந்ததும், அதைக் கீழே கொண்டுபோய் மாற்றி வர யாருக்குப் பொழுது இருக்கிறது என்று விட்டுவிட்டேன். அடுப்பு புளி மூட்டைக்குப் பின்னால் கிடந்தது. காலி சிலிண்டர் மேல் உட்கார்ந்துதான் நான் தினமும் டீ குடிப்பேன்.

நான் ஒன்றை நினைத்துவிட்டால் லேசில் விடமாட்டேன். மறுநாளே காலி சிலிண்டரோடு இறங்கி, நிரப்பியதை ஜீப்பில் ஏற்றி வந்து, மீதி தூரத்துக்குத் துண்டைச் சுருட்டித் தோளில் வைத்துத் தூக்கினேன். வழியில் நான்கு இடத்தில் இறக்கி வைத்தேன். பார்த்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். "மாசா மாசம் தூக்குவியா?" என்று கேட்டவர்களிடம், "தூக்குவேன்" என்று வீறாப்பாகச் சொன்னேன். இன்றுவரை தூக்கிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அடுப்பு இருந்தால் இவள் மறுபடியும் விறகைத்தான் வைப்பாள் என்று எனக்குச் சந்தேகம். கடப்பாரையை எடுத்து வந்து விறகடுப்பை இடித்தேன். அவள் வாசலில் நின்றுகொண்டு, "இருங்க, பரண் மேல..." என்று ஏதோ ஆரம்பித்தாள். "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் போ" என்று வாயை அடைத்துவிட்டேன்.

பங்குனி முடிவதற்குள் அவளுக்கு நல்ல குணம் தெரிந்தது. படுத்துத் தூங்கினாள். தண்ணீர்க் குடத்தோடு மேடு ஏறும்போது நடுவில் நிற்கவில்லை. நான் ஊரில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். எங்கள் எதிர் வீட்டில் ஒரு பெண், எனக்குத் தங்கை முறை. அவள் வீட்டுக்கும் போய், கேஸ் மாற்று, கேஸ் மாற்று என்று உபதேசம் பண்ணாத நாளில்லை.

ஆனி மாதம் மழை தலைகாட்டியது. விதைக்கலாம் என்று பரணில் கை வைத்தேன். விதைக்கென்று பொறுக்கி எடுத்த சோளக் கதிர்களைக் கட்டுக் கட்டாக அடுப்புக்கு மேலேதான் எங்கள் பக்கத்தில் தொங்கவிடுவோம். மொச்சையைச் சுரைக்குடுவையில் போட்டு அதே இடத்தில் வைப்போம். தினமும் ஏறுகிற புகைதான் வண்டை அண்டவிடாமல் வைத்திருக்கும். நான் தொட்ட முதல் கட்டு மாவாக என் தலையில் கொட்டியது. மொச்சையில் ஒவ்வொன்றிலும் ஓட்டை.

இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. மலையில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் கடப்பாரையைத் தூக்கியபோது என் மண்டையில் அடுப்பு மட்டும்தான் இருந்தது. அவள் அன்றைக்குச் சொல்ல வந்தது இதைத்தான். நான் தலையைத் தட்டிக்கொண்டே நிற்க, எதிர் வீட்டுத் தங்கை வந்து எட்டிப் பார்த்தாள். "இன்னாண்ணா, அடுப்ப இட்ச்சியே, வெதைய இன்னா பண்றதுன்னு அண்ணிய ஒரு வார்த்த கேட்டியா?" என்றாள்.

மறுநாள் விதை கேட்டுப் புதூர்நாட்டில் தெரிந்தவர்கள் வீடுகளில் எல்லாம் ஏறி இறங்கினேன். அவரவருக்கு அளவாகத்தான் இருந்தது. வெறுங்கையோடு மதியம் திரும்பி வருகிறேன், என் வீட்டு ஓட்டுச் சந்துகளில் புகை வந்துகொண்டிருந்தது.

ஓடினேன். இடித்த இடத்தில் மூன்று கல்லைக் கூட்டி, பச்சை விறகைச் செருகியிருந்தாள். தப்பித்த பத்துப் பதினைந்து கதிர்களை மேலே கட்டிவிட்டு, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்து ஊதிக்கொண்டிருந்தாள். நெஞ்சு விசில் மாதிரி கத்தியது. உதடு நிறம் மாறியிருந்தது. அப்படியே தூக்கிக்கொண்டு வெளியே வந்து, டாக்டர் கொடுத்த இன்ஹேலரை வாயில் வைத்தேன். அவசரத்தில் முதல் தடவை மருந்து காற்றோடு போயிற்று.

அவளுக்குக் கொஞ்சம் பேச வந்ததும் திட்டத்தான் வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள். "என் மூச்சு போனா ஒரு ஆளோட போச்சு. வெத போனா வூட்ல எல்லாரும் இன்னாத்த துன்றது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. சத்தம் கேட்டு ஓடி வந்த எதிர் வீட்டுத் தங்கை பக்கத்தில் நிற்கிறாள் என்றுகூடப் பார்க்காமல் அழுதேன்.

தங்கை தன் வீட்டுக்குப் போனாள். அவள் வீட்டுப் பரணில் இருந்த கதிர்க் கட்டுகளில் சரிபாதியைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் வைத்தாள். "ஆடில வெதைங்க" என்றாள். எத்தனை நாள் அவளுக்கு நான் புத்தி சொன்னேன் என்று நினைத்தபோது கூசியது.

அப்போதே இரண்டு முடிவு எடுத்தேன். இந்த வீட்டுக்குள் இனிமேல் புகை கிடையாது. விதையும் சாகக் கூடாது. வீட்டுக்குப் பின்னால் இருபது அடி தள்ளி, மூங்கில் நட்டு, மண் அப்பி, புல் வேய்ந்து, ஆள் குனிந்து நுழைகிற அளவுக்கு ஒரு கொட்டகை போட ஐந்து நாள் பிடித்தது. உள்ளே விறகடுப்பு, மேலே பரண். அதில் அடுப்பு மூட்டுகிற வேலை என்னுடையது, அவள் அந்தப் பக்கமே வரக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

முதல் நாள் உட்கார்ந்தேன். விறகு ஈரம். ஊதினேன், பிடிக்கவில்லை. குனிந்து ஊதினேன், புகை முழுக்க என் மூஞ்சிக்கே வந்தது. கண்ணில் மிளகாய் பட்ட மாதிரி எரிந்தது, இருமல் அடங்கவில்லை. தாங்க முடியாமல் வெளியே தவழ்ந்து வந்தேன். தூரத்தில் நின்ற அவள், "இன்னாங்க, அதுக்குள்ள வந்துட்டீங்க? நல்லா குனிஞ்சி ஊதுங்க!" என்று சிரித்தாள். அவள் அப்படி மூச்சு வாங்காமல் சிரித்து நான் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

அவள் கேலியாகத்தான் சொன்னாள். என்னால்தான் சிரிக்க முடியவில்லை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம், நான் ஒருநாள்கூட அடுப்பு ஊதியதில்லை. கஞ்சி ஏன் நேரமாகிறது என்று வெளியிலிருந்து சத்தம் மட்டும் போட்டிருக்கிறேன். அவள் கண் ஏன் எப்போதும் சிவந்திருக்கிறது என்று கேட்டதில்லை.

ஆடியில் விதைத்தோம், நன்றாகவே விளைந்தது. தங்கைக்கு முதல் கதிர்களைக் கொடுத்தோம். கொட்டகையில் இன்றும் வாரத்துக்கு மூன்று நாள் நான்தான் மூட்டம் போடுகிறேன், இப்போது விறகு சீக்கிரமே பிடித்துக்கொள்கிறது. வெளியே வந்து காற்றில் நிற்கலாம்தான், ஆனாலும் கண் நன்றாக எரியும்வரை உள்ளேயே உட்கார்ந்திருப்பேன்; அவளை ஒரு வார்த்தை கேட்காமல் இருந்த அத்தனை வருஷத்துக்கும் அந்தக் கொஞ்ச நேரமாவது எனக்கு எரியட்டும் என்று.