மூக்கை நம்பி நடந்தவர்கள்

கம்பெனியில் சேர்ந்த இரண்டாம் வருடம் என் மூக்கு செத்துப்போனது. எண்பதுகளின் நடுவில், ஓசூரில், இரும்புச் சாமான்களுக்கு முலாம் பூசும் பிரிவில் வேலை. நாள் முழுக்க ஆசிட் தொட்டிகளின் மேல் குனிந்து நிற்க வேண்டும். முதலில் தொண்டை எரிந்தது, பிறகு மூக்கில் ரத்தம் வந்தது, பிறகு ஒன்றுமே வரவில்லை. ஆடி மாதம் ஒருநாள் மனைவி கருவாடு வறுத்தாள். தட்டில் விழும்வரை எனக்குத் தெரியவில்லை.

வேலையை விட வேண்டும் என்று ஒருநாளும் தோன்றவில்லை. பேண்ட் போட்டு பஸ் ஏறுவதும், வாரத்தில் ஒருநாள் கால் நீட்டிப் படுப்பதும் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் ஊரில் எனக்கு வேறொரு பெயர் இருந்தது. அதையும் விட மனம் வரவில்லை. பேராசைதான்.

ஜவளகிரியில் இறங்கினால் எங்கள் ஊருக்கு ஒன்றரை மைல் காட்டுப் பாதை. யானை நடமாடும் இடம். கண்ணில் படுமுன்னே அதன் வாடையைப் பிடித்துவிடுவேன் என்பதால், பஸ்ஸில் வந்தவர்கள் எல்லோரும் எனக்குப் பின்னால்தான் நடப்பார்கள். ஒவ்வொரு வளைவிலும் நான் நின்று, முகத்தைத் தூக்கி மூச்சை இழுத்து, "ஒண்ணும் இல்ல, வாங்க" என்பேன். மூக்கு செத்த பிறகும் அதையே செய்தேன். பயமாகத்தான் இருக்கும். ஆனாலும் சொல்வேன். ஒன்றும் நடக்காமல் போகப்போக, பயம்கூடக் குறைந்துவிட்டது.

கார்த்திகையில் ஒரு சாயங்காலம், ராகி முற்றியிருந்த சமயம், ஐந்து பேர் நடந்தோம். எனக்குப் பின்னால், தளி சந்தைக்குப் போயிருந்த என் மனைவி. அடுத்து, தையல் கற்கத் தினமும் தளிக்குப் போய்வரும் மகளோடு பக்கத்து வீட்டு அக்கா. கடைசியில் அக்காவின் புருஷன். வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. பூச்சிகளின் சத்தம் திடீரென்று நின்றது. எனக்கு உறுத்தியது. இருந்தும் வளைவில் நின்று மூச்சை இழுத்தேன்.

"ஒண்ணும் இல்ல, வாங்க."

மனைவி என் சட்டையைப் பிடித்தாள். "ஏங்க, வாடெ வருதே."

"எனக்கே சொல்லித் தர்றியா? பேசாம வா" என்று சீறினேன்.

இரண்டு எட்டு வைத்திருப்பேன். மூங்கில் முறிந்தது. பாதையோரத்தில் வெறும் இருட்டு என்று நான் நினைத்திருந்த இடம் காதை ஆட்டியது. எவ்வளவு நேரம் நின்றோமோ, தெரியாது. அது எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தது. பிறகு பாதையைக் கடந்து ராகிக் காட்டுக்குள் இறங்கியது.

ஊர் எல்லைக்கு ஓடி வந்த பிறகுதான் எல்லோருக்கும் மூச்சு வந்தது. என் வாயிலிருந்து உண்மை தானாக விழுந்தது. "எனக்கு வாசனெ தெரியாதுக்கா. மூக்கு போச்சு."

"எப்பலருந்து?"

"ஆடியிலருந்து."

அக்கா மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "ஆடியிலருந்தா? எம் பொண்ணெ தெனமும் உம் பின்னாலதானேடா வுட்டேன்?"

வெட்கத்தில் கூசிப்போனேன். வெட்கத்தைவிடப் பெரிதாக ஒரு பயம் அப்போதுதான் பிடித்தது. அன்று ஒருநாள்தான் யானையைப் பார்த்தோம். அந்த நாலு மாதத்தில் எத்தனை சாயங்காலம் அது பக்கத்திலேயே நின்று எங்களைப் போக விட்டதோ, எனக்குத் தெரியாது.