ராஜேஸ்வரியும் முடிவு வராத சோதனையும்

ஹவுராவிலிருந்து படகில் வந்துகொண்டிருந்தபோது நந்தினி அழைத்தாள். "காக்கு, மா ஆர் நேய்" என்றாள். சித்தப்பா, அம்மா இல்லை. அழுகை வந்தால் அவளுக்குத் தமிழ் வராது, வங்காளம்தான் வரும். படகு கரை சேரும்வரை அவள் போனை வைக்கவில்லை.

ராஜேஸ்வரியை உங்களில் பலர் இயற்பியல் பேராசிரியராக அறிவீர்கள். கார்டன் ரீச்சின் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவர். கணவரை இளம் வயதிலேயே இழந்து, மகள் நந்தினியைத் தனியாக வளர்த்தவர். அதே கல்லூரியில் நான் தத்துவம் கற்பித்தேன். ஆசிரியர் அறையில் தமிழ் பேச எங்களுக்கு வேறு ஆள் கிடையாது. அதனால் சண்டைகளும் தமிழிலேயே நடந்தன.

ஒருநாள் ஆய்வுக்கூடத்திலிருந்து முகம் இருண்டு வந்தார். "அந்தத் தராசு பழுது, சங்கரன். ஆனா எல்லாப் பிள்ளைகளும் புத்தகத்துல இருக்கற விடையைச் சரியா எழுதியிருக்காங்க!"

"தராசு பழுதுன்னு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"இன்னொரு தராசுல போட்டுப் பாத்தேன்."

"அது சரியான தராசுன்னு?"

"எங்கயோ ஓரிடத்துல நம்பித்தான் ஆகணும். எந்த இடத்துல நம்பறோம்னு ஒளிக்காம சொல்லணும். அவ்வளவுதான் எங்க யோக்கியதை" என்றார். வகுப்பில் நான் மணிக்கணக்கில் சுற்றி வளைத்த விஷயம் அது.

பணி ஓய்வுக்குப் பிறகு அவருடைய நுரையீரல் தழும்பேறி இறுகத் தொடங்கியது. குணப்படுத்த வழியில்லாத நோய். மருத்துவமனையில் இந்த நோய்க்கு ஒரு மருந்து உதவுமா என்று சோதித்துக்கொண்டிருந்தார்கள். வழக்கமான சிகிச்சை எல்லோருக்கும் உண்டு. அதோடு பாதிப் பேருக்கு அந்த மருந்து, மீதிப் பேருக்கு அதைப் போலவே இருக்கும் வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, பார்க்கும் மருத்துவருக்கும் தெரியாது. ராஜேஸ்வரி சேர்ந்துகொண்டார்.

மாடிப்படி ஏற முடியாமல் அவர் பாதியில் உட்காரத் தொடங்கிய நாட்களில், நந்தினி என்னைக் கரியாஹாட் நாற்சந்திக்கு வரச் சொன்னாள். "காக்கு, அந்த மருந்து கடையிலயே கிடைக்குது. வேற நோய்க்கு விக்கறாங்க. அம்மாவுக்கு வந்தது வெறும் மாத்திரையா இருந்தா? சோதனையிலேர்ந்து விலகிட்டு வாங்கிச் சாப்பிடலாமே. நீங்க சொன்னா கேப்பாங்க."

அவளுடன் வீட்டுக்குப் போனேன். ராஜேஸ்வரி ஜன்னலோரம் சாய்ந்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் நந்தினி எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"அந்த மருந்து வேலை செய்யும்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார் அவர்.

"தெரியாது. ஆனா செய்யலாம் இல்ல?"

"கெடுக்கவும் செய்யலாம். அவங்கவங்க வெளியே வாங்கிச் சாப்பிட்டா, கடைசிவரைக்கும் யாருக்கும் தெரியவே போறதில்லை."

"நீ என் அம்மாவா, இல்ல அவங்க கூண்டுல இருக்கற எலியா?"

அவர் மூச்சைச் சேர்த்துக்கொண்டு சொன்னார்: "எலியை யாரும் கேக்கறதில்லை. என்னைக் கேட்டாங்க. நான் சரின்னேன்."

நந்தினி என்னைப் பார்த்தாள். முகம் தெரியாத நோயாளிகளுக்காகத் தன் உடலை ஒப்புக்கொடுக்க ஒருவருக்கு உரிமை உண்டா, அந்த உடலையே நம்பியிருக்கும் மகளுக்கு அதில் ஒரு சொல்லும் கிடையாதா? தத்துவம் கற்பித்தவன் என்றுதான் என்னை அழைத்து வந்திருந்தாள். நான் எழுந்து தேநீர்க் கோப்பைகளைச் சமையலறைக்கு எடுத்துப் போனேன்.

துர்கா பூஜை முடிந்த வாரம், மருந்து நிறுவனம் சோதனையைப் பாதியில் நிறுத்திவிட்டது. காரணம் சொல்லவில்லை. அன்றுதான் அவர் அழுது பார்த்தேன். "மருந்து உதவாதுன்னு வந்திருந்தாக்கூடத் தாங்கிப்பேன், சங்கரன். அதுவும் ஒரு பதில். இது ஒண்ணுமே இல்லை."

இனி மறைக்க எதுவும் இல்லை என்பதால் தனக்குக் கிடைத்தது எது என்று மருத்துவரிடம் கேட்டார். வெறும் மாத்திரை. நந்தினி எழுந்து வெளியே போய்விட்டாள். கடை மருந்தைக் கொடுத்துப் பார்க்கும் நிலையில் உடல் இல்லை என்றார் மருத்துவர்.

ஆக்சிஜன் குழாயோடு படுத்திருந்தபோதும் நிறுவனத்துக்கு ஆள்மாற்றி ஆள் போன் செய்யச் சொன்னார். "மாசாமாசம் எங்க மூச்சை அளந்து எடுத்துட்டுப் போனாங்களே, அதுல என்ன தெரிஞ்சுது? அதையாவது சொல்லச் சொல்லுங்க." யாரும் சொல்லவில்லை. அவர் போய்விட்டார்.

தகனம் முடிந்து வெளியே நின்றிருந்தோம். "மா தப்பு பண்ணிட்டாங்க, காக்கு" என்றாள் நந்தினி.

"தெரியலைம்மா."

"எனக்கும் தெரியலை. அந்த மருந்து கொடுத்திருந்தா இருந்திருப்பாங்களான்னு எனக்குத் தெரியவே போறதில்லை. அதுதான் கொல்லுது."

அவளுக்குச் சொல்ல ஓர் ஆறுதலை இன்றுவரை தேடுகிறேன். ராஜேஸ்வரி செய்தது சரி என்று எழுதவும் எனக்குத் துணிச்சல் இல்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது, படுக்கையிலிருந்து அவர் கேட்ட அந்தக் கேள்வி மட்டும்தான். சென்ற வாரம் அதைக் கேட்க மருத்துவமனைக்குக் கிளம்பினேன். வாசலில் நந்தினி எனக்கு முன்பே வந்து நின்றிருந்தாள். விவரம் எதுவும் வரவில்லை என்றார் உள்ளே இருந்த அலுவலர். நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரே உட்கார்ந்தாள் நந்தினி.

"யார்கிட்ட கேக்கணும்னு சொல்லுங்க" என்றாள்.